பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் ரங்கூனில் அலோன் ஜெட்டிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மூன்று பேரோடு தங்கி, கோடவுனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே அறை, அதே வேலைதான். அன்றைக்கு ஒரு பஸ் ஏறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா தமிழ், அம்மா பர்மியர். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. தமிழ் எழுத்து கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தது. பதினாலு வயதில் மோல்மேன் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கிருந்து வடக்கே பச்சைக்கல் சுரங்கம். பிறகு தாய்லாந்தில் மீன்பிடிப் படகு. கையில் காகிதம் இல்லாததால் அந்த ஊர் ஜெயிலில் ஏழு மாதம். ரங்கூன் வரும் வரைக்கும் எங்கேயும் இரண்டு வருடம் முழுசாக இருந்ததில்லை. வேலை கசந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆள் கசந்தாலும் அப்படித்தான். கஷ்டப்பட்டேன் என்று சொல்ல வரவில்லை. கிளம்பிப் போவது எனக்கு எவ்வளவு சுலபம் என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

மோர்மன் சபைக்குள் நான் போனது சாமி தேடி இல்லை. ஒரு வீட்டு மாடிக்கு பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றும் வேலைக்குப் போனேன். என்னோடு சட்டைக் கையை மடித்துக்கொண்டு இன்னொருவரும் ஏற்றினார். அவரும் கூலிக்காரர் என்று நினைத்தேன். பார்த்தால் அவர்தான் சபைத் தலைவர். மற்ற நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இதையெல்லாம் வரிசையாகப் போட வேண்டும், ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்டார். கூலி என்ன என்று கேட்டேன். “எனக்கே கிடையாதுப்பா” என்று சிரித்தார்.

ஏன் போனேன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. போனேன். மறு வாரமும் போனேன். ஆறேழு மாதம் கழித்து ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அந்தச் சபையில் குடி கூடாது, வெற்றிலை கூடாது, டீ கூடாது. சாராயத்தை விட்டது பெரிய காரியமாக இல்லை. டீயை விட்டதுதான். ரங்கூனில் ஆண்பிள்ளைக்கு டீக்கடைதான் வீடு. ஜெட்டியில் என்னோடு வேலை செய்பவர்கள் விடுவார்களா?

“டீ குடிக்காம என்னத்தைடா பேசுவே? மழைத் தண்ணி ஒரு கிளாஸ் சொல்லவா?”

சிரித்துவிட்டு அவர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அங்கே சம்பளத்துக்கு யாரும் கிடையாது. எல்லாருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு கொடுப்பார்கள். கொடுக்கும்போது சபை நடுவில் பெயரை வாசித்து, சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார்கள். நாற்காலி போடும் பொறுப்புக்கு என் பெயரை வாசித்தார்கள். எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள். அதற்கு முன்னால் நாலு பேர் மத்தியில் என் பெயரை வாசித்தது இரண்டே இடத்தில்தான்: ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று தாய்லாந்து போலீஸ் ஸ்டேஷன். அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். இந்த ஊரில் நானும் ஒரு ஆள் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஒரு வருடம் போனதும் எனக்கு இன்னொரு பொறுப்பு வந்தது. ஷ்வேப்யிதாவில், சபைக்கு வர முடியாத ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய் ஜெபம் சொன்ன பிறகு அவற்றைக் கொடுக்க வேண்டும். கோயில் பிரசாதம் போலத்தான், ஆனால் அதைவிடக் கண்டிப்பானது. இரண்டு பேராகப் போவதுதான் வழக்கம். என்னோடு வந்தவருக்குப் பட்டாள வயது. பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்கப் பெயர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் எல்லை தாண்டிப் போய்விட்டார். வேறு ஆள் இல்லை. நீங்கள் தமிழ் பேசுகிறவர், அவரும் அப்படித்தான், தனியாகவே போய் வாருங்கள் என்றார் தலைவர்.

இரண்டு பஸ் மாற வேண்டும். ரங்கூன் ஓரத்தில் ஃபாக்டரிகள் இருக்கும் பகுதி. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். முதல் நாளே நீ, நான் என்று ஆகிவிட்டதால் அவன் என்றே எழுதுகிறேன். பதினாலு வருடம் பஸ் கண்டக்டர். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். அவள் கார்மெண்ட் ஃபாக்டரியில் தைக்கிறாள். ஒரே அலமாரியில் புத்தரும் மாரியம்மனும் வைத்திருப்பவள். எங்கள் சபை என்றால் அவளுக்கு ஆகாது.

பர்மாவில் ஆம்பிளை பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘கோ’ போடுவார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதும் அவன் எனக்கு ‘கோ மூட்டை’ என்று பெயர் வைத்துவிட்டான்.

“போன ஆளு டை கட்டி வந்தாரு. இப்போ கோ மூட்டை வந்திருக்காரு. சபைக்கு என்ன, வருமானம் கொறைஞ்சு போச்சா?”

ரொட்டிக்கு ஒரு ஜெபம், தண்ணீருக்கு ஒரு ஜெபம். அட்டையில் அச்சடித்திருக்கும். ஒரு வார்த்தை மாறினாலும் திரும்ப முதலில் இருந்து படிக்க வேண்டும். என் படிப்புக்கு அந்தப் பர்மிய எழுத்து மலை ஏறுகிற மாதிரி. முதல் நாள் நாலு தடவை படித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே பிடித்துவிடுவான். “டிக்கெட்டைத் தப்பாக் கிழிச்சா வேற கிழிக்கணும்ல? படி, படி.” கடைசியில் சரியாக முடித்ததும் பக்கத்துப் பலகைச் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். பஸ் கிளம்பலாம் என்று கண்டக்டர் டிரைவருக்குக் காட்டுகிற தட்டு. அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஜெபம் முடிந்தால் அந்த இரண்டு தட்டு உண்டு. ஆமென் சொல்வதற்கு முன்னால் அவனுக்கு அது வேண்டும்.

நான் வருவதற்குள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வாரம் முழுக்க அவனைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். பஸ்ஸில் ஆயிரம் பேரோடு பேசினவன். நான் போனால் ஒரு மணி நேரம் வாய் மூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் உடம்பு லேசாக இருக்கும். முதுகில் எதை வைத்தாலும் தூக்கலாம் போல இருக்கும். தொண்டு செய்தால் மனசு நிறையும் என்று சபையில் சொல்வார்கள். அது நிஜம்தான் என்று நான் கண்டுகொண்டது அந்தப் பஸ்ஸில்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு விரத நாள். இரண்டு வேளை சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. அன்று சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து தன் மனசில் உள்ளதைப் பேசலாம். நோயாளிகளுக்கு விரதம் கிடையாது. அதைத் தலைவர் என்னிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியே அனுப்பினார். நான் போய் அவனிடம் சொன்னேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லாரும் இருக்கீங்க, எனக்கு மட்டும் கெடையாதா? ஒரு கால் போனா அரை ஆளா நானு?”

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது தலைவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது பக்தி தலைக்கு ஏறியிருந்த காலம். ஒரு ஆளை விரதத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்ற நினைப்பே இனித்தது. காலைச் சாப்பாட்டை மட்டும் விடு, நான் கொண்டுவரும் ரொட்டியோடு விரதத்தை முடி, அதற்கு முன்னால் எதையும் வாயில் வைக்காதே, பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொன்னேன். நானே சொன்னேன், இந்த வாயால்.

தங்கைக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஓவர்டைம் உண்டு. விடியும்போதே சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு ஆறு மணிக்குப் போய்விடுவாள். காலை மாத்திரையை அவள் கண் முன்னாலேயே போட்டுக்கொள்வான். மாத்திரை போட்டால் சோறு தின்றே ஆக வேண்டும் என்று அவள் தினமும் கத்துவது எனக்கும் தெரியும். மூன்று மாதம் இப்படி நடந்தது. பதினொன்றரை, பதினொன்றே முக்கால் என்று போய்விடுவேன். அவனுக்குக் கை லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். ரொட்டியை வாயில் போட்டதும், “கோ மூட்டை, ஏறியாச்சு, ஏறியாச்சு” என்பான். பிறகு மூடி வைத்த சோறு முழுவதையும் தின்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது மாதம்தான் அந்த ஞாயிறு.

அன்று சபைக்கு மேல் பொறுப்பில் உள்ள ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். நாற்காலி போதாமல் ஜன்னல் ஓரம் நின்றார்கள். பேசலாம் என்றதும் நான் எழுந்து போனேன். அதற்கு முன்னால் நான் அப்படி எழுந்ததே இல்லை. ஷ்வேப்யிதாவில் ஒரு சகோதரர் ஒற்றைக் காலோடு எனக்காகக் காத்திருக்கிறார், ஒரு ஞாயிறு கூடத் தவறாமல் போகிறேன், அங்கேதான் நான் கடவுளைப் பார்த்தேன் என்றெல்லாம் பேசினேன். ஊர் சுற்றியாகத் திரிந்த கதையையும் சேர்த்தேன். ஜெயிலைச் சொன்னபோது முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்துவிட்டு நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் கை கொடுக்க ஆள் மேல் ஆள் வந்தார்கள். வெளியூர்ப் பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார். பபேடானில் குடியிருக்கும் ஒரு குடும்பம், நம் வீட்டில்தான் விரதத்தை முடிக்க வேண்டும், அவரும் வருகிறார் என்று கூப்பிட்டார்கள். மணி பத்தரை. பையில் ரொட்டி இருந்தது, ஜெப அட்டை இருந்தது. பபேடான் பக்கம்தானே, தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் அதே கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இந்தத் தடவை அவனுடைய சுவர்த் தட்டையும் செய்து காட்டினேன். மேசையில் இரண்டு தட்டு. எல்லாரும் சிரித்தார்கள். கோழிக் குழம்பு, இரண்டாம் தடவை சோறு. அப்போது மணி பன்னிரண்டரை இருக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பபேடான் தெருக்களில் அரை மணி நேர மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். பஸ் வராது, இருங்கள் என்றார்கள். இருந்தேன். இரண்டு மணிக்கு மழை விட்டது. அப்போது கிளம்பியிருந்தால்கூட, ரோட்டுத் தண்ணீரில் பஸ் ஊர்ந்தாலும், நாலு மணிக்குள் போயிருக்கலாம். இதை நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், வழியில் சோதனைச் சாவடி, காலையில் கப்பலில் இருந்து சரக்கு இறங்குகிறது, அவன் இந்நேரம் தின்றிருப்பான், சின்னப் பிள்ளையா அவன்? இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டில் ஒரே போன், அதைத் தங்கை ஃபாக்டரிக்குக் கொண்டுபோவாள். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று நம்பரை எடுத்துக்கூடப் பார்த்தேன். கூப்பிட்டால் விரதம் இருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும். அவள் கத்துவாள். தலைவர் காதுக்குப் போகும். காலையில்தான் மேடையில் அத்தனை பேரை அழ வைத்திருக்கிறேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அறைக்கு நடந்தேன்.

சாயங்காலம் பசித்தது. அவனுக்கு வாங்கின ரொட்டியை நானே தின்றேன்.

அந்த வாரம் முழுக்க மூட்டை தூக்கினேன். அவன் நினைப்பு இரண்டு மூன்று தடவை வந்தது. அடுத்த வாரம் போனால் என்னைத் திட்டுவான், கோ மூட்டைக்குப் பஸ் கெடைக்கலையா என்று கேட்பான், என்ன பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய் நாற்காலி போட்டேன். தலைவர் வந்ததும் கேட்டார், ஷ்வேப்யிதாக்காரர் எப்படி இருக்கிறார் என்று.

“போயிருந்தேன். நல்லா இருக்கார்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. நான் வாசலில் நின்று லேட்டாக வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது படியேறி வந்தாள் அவன் தங்கை. ஃபாக்டரிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, செருப்பைக் கையில் வைத்திருந்தாள். தலைவர் அவளைப் பார்த்து வெளியே வந்தார். அவள் என்னைப் பார்க்காமல், பர்மிய வழக்கப்படி ஐயா என்பதற்கு ‘சயா’ என்று அவரைக் கூப்பிட்டுப் பேசினாள்.

“சயா, போன ஞாயித்துக்கெழமை இங்கேருந்து யாராவது எங்க வீட்டுக்கு வந்தாங்களா?”

“வந்தாரேம்மா. இவர்தான் வந்தார். இப்பத்தான் சொன்னார்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசுவாள்.

“வந்தியா? எத்தனை மணிக்கு வந்தே?”

நான் திரும்பிக் கூடத்துக் கதவைச் சாத்தினேன்.

அவள் சத்தம் போடவில்லை. உள்ளே பாடுகிறார்கள் என்று குரலை இறக்கியே பேசினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “நான் அஞ்சரைக்கு வந்தேன். வெள்ளைச் சட்டையோட வாசலுக்கு நேரா குப்புறக் கெடந்தான். மாத்திரை போட்டிருக்கான். சோத்துச் சட்டி மூடினது மூடினபடி இருக்கு. சீனி டப்பா கைக்கு எட்டுற தூரம் சயா. கண்டக்டரா இருந்தப்பவே தல சுத்துச்சுன்னா சீனியைத்தான் வாயில போடுவான். அவனுக்குத் தெரியும். ஒரு வாரமா ஆஸ்பத்திரியில கெடக்கான். சர்க்கரை ரொம்ப எறங்கி மூளையைத் தாக்கிருச்சாம். கண்ணு முழிச்சிருக்கான், என்னை யாருன்னு தெரியலை. ஏன் அந்த டப்பாவைத் தொடலைன்னுதான் எனக்குப் புரியலை. உங்க ஆளுங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

எனக்குத் தெரியும். ரங்கூன் முழுக்க எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் வரும் வரைக்கும் எதையும் வாயில் வைக்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன் என்றேன். நான் வரவில்லை என்றும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் செருப்பைக் கீழே போட்டு ஒவ்வொன்றாகக் காலில் மாட்டினாள். “நீ வருவேன்னு நம்பிக் காத்துக்கிட்டு இருந்திருக்கான் பாரு” என்றாள். அவ்வளவுதான். தலைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். “நோயாளிக்கு விரதம் இல்லேன்னு சொன்னேனே” என்றார் என்னிடம். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னை வா என்று சொல்லவில்லை. நான் உள்ளே போய், கூட்டம் முடியும் வரை நின்று, நாற்காலிகளை அடுக்கி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. பொறுப்பை விட்டு எடுக்கும்போது, இவர் செய்த சேவைக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார்கள். யாரை எடுத்தாலும், எதற்காக எடுத்தாலும் அதே வார்த்தைதான். படியில் நடந்தது சபையில் யாருக்கும் தெரியாது. தலைவர் யாரிடமும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருப்பார்.

என் பெயரை வாசித்தார். அத்தனை கையும் மேலே போனது. அன்று அழுத அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒன்றை இறக்கினார். பபேடான் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். தலைவரும் தூக்கினார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. ஜெயிலில் பட்ட அடி எதுவும் அப்படி வலித்ததில்லை. கையை இறக்குங்கள் என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கதை சொல்ல வந்த வாய் அதற்கு வரவில்லை.

மறுநாள் பையைக் கட்டினேன். மோல்மேனுக்குப் போனால் யாராவது வேலை தருவார்கள். பஸ் நிலையத்துக்குக் கிளம்பினவன், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று ஷ்வேப்யிதா பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அவன் பாயிலிருந்து பாதி சரிந்து தரையில் கிடந்தான். அவள் ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. என்னையும் என் பையையும் பார்த்தாள்.

“ஊருக்கா?”

“ஆமா.”

“போறதுக்கு முன்னால இந்தப் பக்கம் புடி.”

பிடித்தேன். தூக்கிப் பாயில் போட்டேன். என் முதுகுக்கு அவன் ஒரு மூட்டைகூட இல்லை. முகத்தைப் பார்த்தேன். கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் நான் அதில் இல்லை.

அவள் பர்மியத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். “ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு தர மாட்டாங்க. மத்த நாள் பக்கத்து வீட்டம்மாவோட மகன் தூக்கிவிடுவான், ஞாயித்துக்கெழமை அவன் இருக்க மாட்டான், அந்தம்மாவால இவனைத் தூக்க முடியலை. நீ மூட்டை தூக்குறவன்தானே? வந்து தூக்கு. ரொட்டி வேணாம். ஜெபம் வேணாம். மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே. எனக்கு ஆளு வேணும், அவ்வளவுதான்.”

அன்று மோல்மேனுக்குப் போகவில்லை. இரண்டு வருடம் தாண்டிவிட்டது. நான் ஒரே இடத்தில் இவ்வளவு நாள் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு தோறும் அவள் கிளம்புவதற்குள் அங்கே இருப்பேன். துணி மாற்றுவேன். குளிப்பாட்டுவேன். முதுகில் புண் வராமல் இருக்கத் திருப்பிப் போடுவேன். காலை மாத்திரையை அரிசிக் கஞ்சியோடு சேர்த்துத்தான் கொடுப்பேன். முதலில் கஞ்சி, பிறகு மாத்திரை, மறுபடி கஞ்சி. யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பான். என்னைத் தெரிந்து திறப்பதில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் சட்டி காலியாக இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்ப்பாள். இரண்டு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் திறந்து பார்க்கிறாள். பார்க்கட்டும். திரும்பும் பஸ்ஸில் இப்போது உடம்பு லேசாக இருப்பதில்லை. களைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

சபைக்குப் போவதில்லை. கூட்டம் நடக்கிற அதே நேரத்தில்தான் அவளுக்கு ஷிஃப்ட். வராதவர்களின் பட்டியலில் என் பெயர் சேர்ந்துவிட்டது போல. என்னைப் போய்ப் பார்க்கும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து அலோன் அறைக்கு வருகிறார்கள். மழை பெய்தாலும் வருகிறார்கள். அன்றைக்கு நீங்கள் பேசினதை இன்னும் எல்லாரும் சொல்கிறார்கள், அவ்வளவு சேவை செய்தவர் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். அவர்களிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சில நாள், அவனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நிமிரும்போது, அவன் கை தானாகப் பலகைச் சுவருக்குப் போய் இரண்டு தட்டு தட்டும். என்னைத்தான் போகச் சொல்கிறானா, பழைய பஸ்ஸில் எங்காவது நின்றுகொண்டிருக்கிறானா, தெரியாது. ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்குள்ளேயே அந்த வாசலில் போய் நிற்கிறேன். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை சீவி ஒருவன் எனக்காக உட்கார்ந்திருந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பன்னிரண்டு மணிக்கு மட்டும் எந்தப் பஸ் ஏறியும் என்னால் போய்ச் சேர முடியவில்லை.